வாசலுக்கு வந்த குடிநீர்



குடம் சுமக்கும் வேலையைப் பெண்களுக்கே உரியதென்று நெடுங்காலமாக ஒதுக்கி வைத்திருந்தோம். அச்சுமையை இறக்கும் நோக்கத்துடன் 2019 ஆகஸ்டு 15-ஆம் நாள் மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தது. அன்று நாட்டின் கிராம வீடுகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்கே குழாய் இணைப்பு இருந்தது. ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நல்ல நீரை வீட்டிலேயே கிடைக்கச் செய்வது திட்டத்தின் குறிக்கோள். மத்திய, மாநில அரசுகள் இதன் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன.

சுமை குறைவது ஒரு நன்மை. நோய் விலகுவது அதனினும் பெரிய நன்மை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில், பாறையிலிருந்து கரைந்த புளோரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைக் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் அருந்தினால் பற்களில் கறை படியும். அளவு மேலும் மிகுந்தால் நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகி உடல் முடங்கும். நீரைக் காய்ச்சினாலும் புளோரைடு நீங்காது. ஆகவேதான் காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால், குழாயில் நீர் நின்றுவிட்டால் மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றையே நாடுவார்கள்; விலகிய நோயும் திரும்பி வரும். எனவே குழாயைப் பதித்ததோடு பணி முடிந்துவிடுவதில்லை. அதில் நாள்தோறும் நல்ல நீர் ஓடவேண்டும்.

இதில் நமக்கும் பங்குண்டு. தெருக்குழாயில் மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுவோர் கடைக்கோடி வீட்டாரின் பங்கைப் பறிக்கிறார்கள். அதுமட்டுமன்று, அந்த உறிஞ்சலில் குழாயின் கசிவுகள் வழியே சாக்கடை நீரும் உட்புகும். மேல்நிலைத் தொட்டியைத் தவறாது கழுவவேண்டும். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும். இதைச் சோதித்தறிய ஊருக்கு ஐந்து பெண்களைப் பயிற்றுவிக்கவும் ஜல் ஜீவன் திட்டம் வகைசெய்துள்ளது.

உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22-இல் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. எத்தனை வீடுகளுக்கு இணைப்பு தந்தோம் என்பதோடு நில்லாமல், கடைசி வீட்டில் எத்தனை நாள் நீர் வந்தது, சோதனையில் கண்டது என்ன என்றும் அங்கே கேட்போம். விடை கூறுவது அலுவலர் கடமை. கேட்பது நம் கடமை. இரண்டும் ஒருங்கே நடந்தால்தான் வாசலுக்கு வந்த நீர் வற்றாது நிலைக்கும்.