கடன் கொடுத்த நாட்டுக்கு என்ன லாபம்?



இதைப் படிச்சிட்டிருக்கிற உங்களில் சிலர் இப்போ சென்னை மெட்ரோ ரயிலில் உட்கார்ந்திருக்கலாம். அந்தத் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் கடன் ஒப்பந்தம் 2008-ல், 'ஜைக்கா' என்ற ஜப்பான் அரசு நிறுவனத்தோடு கையெழுத்தானது. அப்படீன்னா ரயில் பெட்டிகளும் ஜப்பான்ல செய்ததா?

இல்லைங்க. முதல் கட்டத்துக்கான 42 ரயில்களைக் கொடுத்தது பிரான்சின் ஆல்ஸ்டாம் நிறுவனம். ஒன்பது ரயில்கள் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தன. மீதி, ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாரானவை. பணம் ஜப்பானுடையது; ஏற்றுமதி பிரேசிலுக்கு, வேலைவாய்ப்பு ஸ்ரீசிட்டிக்கு. போட்டியில் ஜெயிக்கிற யாரிடமும் வாங்கலாம் என்ற உதவி இப்படித்தான் இருக்கும்.

இன்னொரு வகை, 'எங்க பொருளையே வாங்கணும்' என்ற நிபந்தனையோடு வருவது. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு ஜப்பான் தரும் கடனுக்கு வட்டி வெறும் 0.1 சதவீதம், தவணைக்காலம் 50 ஆண்டுகள். ஆனா தொழில்நுட்பம் ஜப்பானின் ஷின்கான்சென். வட்டியில் விட்டதை ஏற்றுமதியில் எடுக்கலாம். ஒரு நாட்டின் தொழில்நுட்பத்தை ஒருமுறை வாங்கிட்டா, உதிரி பாகம், பராமரிப்பு, பயிற்சி எல்லாத்துக்கும் அவங்க கதவைத்தானே தட்டணும்?

இதில் நமக்கு என்ன? நிபந்தனையோடு வரும் உதவியில் பொருட்களின் விலை 15 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்பது, பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி சொல்லும் கணக்கு. அது கடனா இருந்தா, கூடுதல் விலையையும் சேர்த்துத் திருப்பிக் கட்டுவது வரி கட்டுகிற நாம்தான்.

கொடுக்கிற நாட்டு மக்களுக்கும் எப்பவும் லாபம்னு சொல்ல முடியாது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் உதவி செய்தது. வேலை பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குக் கிடைத்தது; செலவு வரிப்பணம். பொருளாதார ரீதியில் சரியில்லாத அந்தத் திட்டத்துக்கு உதவியது சட்டவிரோதம் என்று 1994-ல் லண்டன் உயர் நீதிமன்றமே சொன்னது. 2001 முதல் இப்படி நிபந்தனை போடுவதை பிரிட்டன் கைவிட்டது.

அதனால, அடுத்த முறை 'வெளிநாட்டு நிதியுதவி' என்ற செய்தி உங்க கைபேசியில் வந்தா மூணு கேள்வி கேளுங்க. இது மானியமா, கடனா? எந்த நாட்டு நாணயத்தில் திருப்பிக் கட்டணும்? பொருளை யாரிடம் வேணும்னாலும் வாங்கலாமா? மெட்ரோ நிறுவனத்தின் டெண்டர் அறிவிப்புகள் அதன் இணையதளத்திலேயே இருக்கு. திறந்து பாருங்க, அது உங்க பணம்.