நினைவகம் போதாதபோது...

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



"பத்து நிமிஷம், உன் தொழிலைப் பற்றி மட்டும் பேசு" என்பது சங்கச் செயலாளர் உத்தரவு. இயந்திரப் பாகங்கள் சுமையைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் தொழில். அதில் அடிக்கடி வரும் தொல்லை, மெமரி போதாமை.

ஒரு இரும்புப் பாகத்தை 1 லட்சம் புள்ளிகளாகப் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் மூன்று திசையில் நகரலாம். ஆக 3 லட்சம் சமன்பாடுகள். அவற்றின் அணியை முழுசாக எழுதினால் 9,000 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் 720 ஜிகாபைட். உங்கள் லேப்டாப்பில் இருப்பது 8 அல்லது 16.

இந்த இடத்தில் பலர் புள்ளிகளைக் குறைத்துவிடுவார்கள். "இப்போ அடங்கிடுச்சு சார்!" அடங்கும்தான். ஆனால் துளையின் ஓரத்தில், வளைவின் இடுக்கில்தான் தகைவு குவியும். விரிசல் ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அங்கே புள்ளிகள் குறைந்தால் அந்த உச்சம் கணக்கிலேயே தெரியாது. கம்ப்யூட்டர் "பத்திரம்" என்று சொல்லும், இரும்பு ஒத்துக்கொள்ளாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: அந்த 9,000 கோடியில் உண்மையில் எத்தனை எண் வேண்டும்? ஒரு புள்ளிக்குப் பக்கத்து வீட்டாரோடு மட்டும்தான் உறவு. செங்கல் வடிவத் துண்டுகளில், தன்னையும் சேர்த்து 27 புள்ளிகள். மூன்று திசைக்கும் சேர்த்து ஒரு நிரைக்கு 81 எண்கள். மீதியெல்லாம் பூஜ்யம். பூஜ்யத்தை எழுதி வைப்பானேன்? எண்ணையும் அது எந்த நிரலில் என்பதையும் மட்டும் வைத்தால் 12 பைட். மொத்தம் சுமார் 300 மெகாபைட். அணி சமச்சீரானது என்பதால் அதிலும் பாதி போதும்.

அடுத்து, நேர்மாறு அணி பக்கம் போகாதீர்கள். பரீட்சைக்குச் சரி. மூல அணியில் பூஜ்யம் நிறைந்திருந்தாலும் நேர்மாறில் பொதுவாக எல்லா இடமும் நிரம்பிவிடும். மறுபடி 720 ஜிகாபைட்!

காஸ் முறையில் மாறிகளை நீக்கும்போதும் கொஞ்சம் நிரம்பும். ஒரு மாறியை நீக்கினால், அதன் உறவுக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவாகிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் உறவான ஆளை முதலில் நீக்கினால் அணி முழுதும் நிரம்பும். கடைசிவரை விட்டுவைத்தால் நிரம்பாமலே தப்பிக்கலாம். எந்த வரிசையில் நீக்குவது என்பதற்கே தனி முறைகள் உண்டு. கட்ஹில், மெக்கீ இருவரும் 1969இல் தந்தது அதில் ஒன்று.

அப்படியும் அடங்காவிட்டால், ஹெஸ்டனீஸ், ஸ்டீஃபல் 1952இல் வெளியிட்ட கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை இருக்கிறது. அது அணியைத் தொடாது. வெக்டரோடு பெருக்கிப் பெருக்கியே விடையை நெருங்கும். நம் கணக்கில் ஒரு வெக்டருக்கு 2.4 மெகாபைட், நாலைந்து வெக்டர் போதும். துண்டு துண்டாகப் பெருக்கினால் அணியைச் சேர்த்து வைக்கவே வேண்டாம். ஆனால் இலவசம் இல்லை. சில அணிகளுக்கு ஆயிரக்கணக்கான சுற்று பிடிக்கும். இடத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கட்டுகிறோம்.

"பெரிய மெஷின் வாங்கினால் தீர்ந்தது" என்று சொல்லாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் புள்ளிகளை இரட்டித்தால் மொத்தப் புள்ளிகள் 8 மடங்கு. முழு அணியோ 64 மடங்கு. எவ்வளவு வாங்கிக் கட்டுப்படியாகும்?

தம்பி தங்கைகளே, ஒரு விடை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். புள்ளிகளைக் கூட்டி இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்த இரண்டாவது ஓட்டத்துக்கு இடம் வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை சிக்கனமும். விடை பெரிதாக அசையாமல் நின்றால் மட்டும் அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்.