பூட்டு அவர்களுடையது, இணையம் நம்முடையது

(சந்தாபுராவில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொம்மசந்திரா ஆலைகளில் ஷிப்ட் முடித்து வந்திருக்கும் உங்களிடம் கணினிப் பூட்டைப் பற்றிப் பேசுவானேன்? உங்கள் கைபேசி உங்கள் கூலியில் வாங்கியது. ஆனால், அதிலுள்ள மின்நூலையும் திரைப்படத்தையும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்யும் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. அதற்கு ‘டிஜிட்டல் உரிமை மேலாண்மை’ என்று பெயர். யாருடைய உரிமை என்பதே கேள்வி.

இணையத்தின் அடிப்படைத் தரங்கள் பொதுவானவை. அவற்றைக் கொண்டு எவரும் உலாவி ஒன்றை உருவாக்கலாம். அத்தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, பூட்டிய காணொளிகளை உலாவியில் இயக்குவதற்கான தரத்தை 2017 செப்டம்பர் 18 அன்று ஏற்றது. கூகுள், மைக்ரோசாஃப்ட், நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனங்களின் பொறியாளர்கள் அதை வரைந்தனர். தரம் பொதுவானது; பூட்டின் உட்பகுதியோ நிறுவனங்களின் ரகசியம். வாக்கெடுப்பில் 58.4 விழுக்காட்டினர் ஆதரித்தனர், 30.8 விழுக்காட்டினர் எதிர்த்தனர். பாதுகாப்புக் குறைகளை ஆராய்வோர் மீதும், மாற்றுத்திறனாளிகளுக்காகப் பூட்டைத் திறப்போர் மீதும் வழக்குத் தொடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழியேனும் வேண்டும் என்று எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் கோரியது. அதுவும் ஏற்கப்படவில்லை. அவ்வமைப்பு அன்றே விலகியது.

பூட்டு எப்படியும் இருக்கும், அது உலாவிக்குள் இருப்பதே பயனருக்குப் பாதுகாப்பு என்பது வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீயின் வாதம். கலைஞருக்கு ஊதியம் வேண்டாமா என்றும் கேட்கின்றனர். கட்டாயம் வேண்டும். ஆனால், சாவி கலைஞரிடமா இருக்கிறது? 2009இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஆர்வெல்லின் ‘1984’ நாவலை அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. அச்சிட்ட நூலை எந்தக் கடைக்காரரும் வீடு புகுந்து எடுத்துச் செல்வதில்லை.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் 65ஏ பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கில் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை. சட்டம் தடை செய்யாத நோக்கத்திற்குத் திறக்கலாம். பார்வையற்றோர் நூல்களைப் பெறுவதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. ஆயினும், திறக்கும் உரிமையைத் தந்த சட்டம், சாவியைத் தருமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சாவியில்லாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

1949இல் பாரதியின் படைப்புகளின் உரிமையை அரசு பெற்றது. பின்னர் அவை மக்களின் பொதுச்சொத்தாயின. அதுவே நமக்கு வழிகாட்டி. மக்கள் பணத்தில் உருவாகும் பாடநூலுக்கும் ஆவணத்திற்கும் பூட்டு கூடாது. சட்டப்படியான பயன்பாட்டுக்குச் சாவி தருவது நிறுவனங்களின் கடமையாக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை நம் தொழிற்சங்க மேடைகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டு செல்வோம்.