நொந்த கல்லீரலும் இரண்டாவது காமாலையும்

(அறக்கட்டளை அரங்கில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைய தலைப்பு கல்லீரல் என்று பலகையில் எழுதியதுமே, "நம்மவர்கள் குடிப்பதில்லையே, நமக்கெதற்கு இது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நம் ஊரில் பலர் மனத்தில் இருப்பதைத்தான் அவர் கேட்டார். மது கல்லீரலைக் கெடுக்கும், உண்மை. மதுவைக் கண்ணால் பார்க்காதவரின் கல்லீரலும் கெடும், அதுவும் உண்மை. சர்க்கரையும் உடல் பருமனும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. ஹெபடைடிஸ் பி, சி என்ற வைரஸ்கள் இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து அதைத் தழும்பாக்கிச் சுருக்குகின்றன. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு பி வகையும், 55 லட்சம் பேருக்கு சி வகையும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் கணக்குச் சொன்னது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது.

நாம் இன்று முக்கியமாகப் பேச வேண்டியது அதற்கு அடுத்த விஷயம். கல்லீரல் ஏற்கெனவே நொந்திருக்கும் ஒருவருக்கு இன்னொரு வைரஸும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? "ஒரு வியாதி இருக்கிறது, அதற்கு மருந்து சாப்பிடுகிறேன், போதும்" என்று நினைக்கிறோம். அது போதாது.

காமாலை வைரஸ்கள் ஐந்து. ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வருபவை. பி, சி, டி மூன்றும் இரத்தத்தின் வழி வருபவை. பி வகை பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும், கணவன் மனைவிக்கிடையிலும் எளிதாகப் பரவும். டி என்பது தனியாக வாழத் தெரியாத கிருமி. பி இருக்கும் உடம்பில் மட்டுமே அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால், பி மட்டும் இருப்பவரைவிட வேகமாகக் கல்லீரல் சுருங்கும். உலக அளவில் பி உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு டி வகையும் உண்டு என்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். வேடிக்கை என்பதைவிட வேதனை. கல்யாண வீட்டில் சஹனில் நான்கு பேர் சேர்ந்து சாப்பிடுகிறோம். ஒருவருக்கு 'பி பாசிட்டிவ்' என்று காதில் விழுந்துவிட்டால், அவரோடு சஹனில் உட்கார ஆள் இல்லை. ஆனால் பி வகை சஹனில் பரவுவதில்லை. முஸாஃபஹா செய்தால் பரவாது, பக்கத்தில் நின்று தொழுதால் பரவாது, அவர் குடித்த டம்ளரிலும் பரவாது. சஹனில் பரவக்கூடியது ஏ வகைதான், அதுவும் கை சுத்தமில்லாதவரிடமிருந்து. அதற்கு யாரும் பயப்படுவதில்லை. சொல்லப்போனால் அந்தச் சஹனில் ஆபத்து அதிகம் யாருக்கு? நாம் ஒதுக்கி வைத்த அந்தச் சகோதரருக்குத்தான்.

ஏன் அப்படி? நல்ல கல்லீரலுக்குக் கையிருப்பு உண்டு. ஒரு பகுதி அடிபட்டாலும் மீதி தாங்கும், அடிபட்டதும் வளர்ந்துகொள்ளும். அதனால்தான் திடமான இளைஞருக்கு ஏ அல்லது இ வந்தால் சில வாரம் படுத்திருந்து எழுந்துவிடுகிறார். தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில் அந்தக் கையிருப்பு இல்லை. அதே கிருமி அவருக்கு வந்தால் சில நாட்களிலேயே வயிற்றில் நீர் கோர்த்து, நினைவு தடுமாறி, உயிருக்கே வந்துவிடலாம். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இப்படிப் பலர் சேர்க்கப்படுகிறார்கள். குறிப்பாக இ வகை. 1955, 56இல் டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து ஆயிரக்கணக்கானோருக்குக் காமாலை வந்ததே, அதுவும் இ வகைதான் என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இது மிகக் கொடியது. மழைக் காலத்தில் நம் தெருக்களில் போர் குழாயும் செப்டிக் டேங்கும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் இந்த இரண்டு கிருமியும் சாகும். கேன் தண்ணீர் என்றதும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கடை ஜூஸில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீர் என்று கடைக்காரருக்கே தெரியாது.

அறக்கட்டளைக்கு வந்த ஒரு மனுவைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் சொல்லமாட்டோம். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் பேசுகிறோம். அந்தச் சகோதரர் இளைஞராக இருந்தபோது வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் போனார். இரத்தத்தில் பி இருக்கிறது, 'அன்ஃபிட்' என்று காகிதம் கொடுத்தார்கள். நம் ஊரில் அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பயணம் போச்சு, வாங்கிய கடன் நிற்கிறது, நாளை தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யாராவது கேட்டால் என்ன சொல்வது? காகிதம் பீரோவுக்குள் போனது. கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், சின்னக் கடை ஒன்று ஓடியது. பத்து வருடத்துக்கு மேல் அவர் ஒரு டாக்டரையும் பார்க்கவில்லை, உடம்பும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மழைக் காலத்தில் கண் மஞ்சளானது. பழைய காகிதத்தை யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் பச்சிலை குடித்தார். வயிறு வீங்கி, ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பழைய பி கல்லீரலைச் சுருக்கி வைத்திருந்தது, புதிதாக வந்த இ வகை மீதியை முடித்துவிட்டது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிறகு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்தோம். மூத்த மகனுக்கு பி இருக்கிறது. அவனுக்குச் சிகிச்சை தொடங்கி நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பச்சிலை என்றதும் சிலர் முகம் மாறுகிறது. கீழாநெல்லியை நாங்கள் கேலி செய்யவில்லை. பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்துச் சென்னை ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 1988இல் லான்செட் மருத்துவ இதழிலேயே வந்தது, நல்ல பலன் என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தானாகக் குணமாகும் ஏ வகைக் காமாலைக்கு எந்தச் சாறு கொடுத்தாலும் அந்தச் சாறுக்குத்தான் பெயர் கிடைக்கும். முன்பே கல்லீரல் கெட்டவருக்கு அந்த மூன்று வாரம்தான் உயிர்.

இரண்டு வைரஸ் சேரும்போது சிகிச்சையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சி வகைக்கு இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது. பெரும்பாலோருக்கு 12 வாரம், சிரோசிஸ் இருந்தால் இன்னும் கூடுதலாகக் கொடுக்கலாம். நூற்றில் 95 பேருக்குக் குணமாகிறது. ஆனால் அதே உடம்பில் பி ஒளிந்திருந்தால், சி அடங்கும்போது பி விழித்துக்கொள்ளும். இதனால் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்களும் உண்டு. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மாத்திரைகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. ஆகவே, சி மாத்திரை தொடங்கும் முன் "பி பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பி வகைக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் தினமும் ஒன்று. வைரஸை அடக்கி வைக்கும். உடம்பு நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தினால் அது பாய்ந்து எழும். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரத்தை மாற்ற டாக்டரிடம் ஷஃபானிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிரோசிஸ் முற்றியவர்கள் நோன்பு வைக்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அடுத்தது பிளேடு. காய்ந்த இரத்தத்தில் பி வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். சுன்னத் செய்யும் ஒஸ்தாவிடம், குழந்தைக்கு முடி இறக்குபவரிடம், காது குத்துபவரிடம், ஹிஜாமா செய்பவரிடம் புதிய பிளேடும் புதிய ஊசியும் உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லுங்கள். உம்ரா போகும் காக்காமார்கள், மக்காவில் தலை மழிக்கும்போதும் இதைக் கவனியுங்கள். வீட்டில் ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி ஆளுக்கொன்று.

தடுப்பூசி விஷயம். பி தடுப்பூசி பெரியவர்களுக்கு மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அது டி வகையையும் சேர்த்துத் தடுக்கும், ஏனென்றால் பி இல்லாமல் டி இல்லை. தமிழ்நாட்டில் ஐந்து நோய்க்கான ஒரே ஊசி 2011 டிசம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் அட்டையை எடுத்துப் பாருங்கள், பி ஊசி விட்டுப்போயிருக்கலாம். தாய்க்கு பி இருந்தால் குழந்தை பிறந்தவுடனேயே ஊசி போட வேண்டும், 24 மணி நேரம் தாண்டக் கூடாது. ஆகவே பிரசவத்துக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள். ஏ வகைக்கும் ஊசி உண்டு, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அது தமக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சி வகைக்கு ஊசி இல்லை.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது. பி, சி பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சி வகையில் ஒன்றை நினைவில் வையுங்கள்: குணமான பிறகும் ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. சோதனைதான் முடிவு. அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோவில் பழைய மெடிக்கல் காகிதம் வைத்திருப்பவர்கள் வரும் ஞாயிறு காலை அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். பெயர் எழுதும் நோட்டு வெளியே இருக்காது, ஒவ்வொருவராக உள்ளே அழைப்போம். அரசு மருத்துவமனைக்குக் கூட வர ஆள் இருக்கிறார், வண்டிச் செலவு அறக்கட்டளையுடையது. மனைவி மக்களையும் அன்றே அழைத்து வந்தால் ஒரே பயணத்தில் இரத்தம் கொடுத்துவிடலாம். கண் மஞ்சளாகி வயிறு வீங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே கிளம்புங்கள், எங்களை இரவிலும் எழுப்பலாம்.

பெண்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல டாக்டரம்மா மாடியில் காத்திருக்கிறார்கள். மஃரிப் வரை நேரம் இருக்கிறது. வஸ்ஸலாம்.