காது குத்திய கதை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசிப் பழகியவன் அல்லன் நான். சரக்குக் கணக்கு எழுதும் ரயில்வே குமாஸ்தா. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. செயலாளர் விடாது வற்புறுத்தியதால், என் வீட்டில் கண்ட ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் இளைய மகள் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவள். மூன்றாம் வயதில் அவளுக்குக் ‘காக்ளியர் இம்ப்ளாண்ட்’ என்னும் கருவியைப் பொருத்தினார்கள். காலனியில் இதனை அறியாதார் இல்லை. ஈராண்டுகளில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பினாள், கேட்டதற்கு விடையளித்தாள். இனிக் குறையொன்றும் இல்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

ஒரு நாள் நண்பர் ஒருவர் வந்து, அடுத்த மாதமே நிலுவைச் சம்பளம் கைக்கு வந்துவிடும் என்றார். “யாருக்கையா காது குத்துகிறீர்?” என்றேன் நான். மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தை இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். மருத்துவமனையை அவள் மறக்கவில்லை! அவளைத் தேற்ற அரைமணி நேரம் ஆயிற்று.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். காதைக் கடிப்பது, காதில் பூச்சுற்றுவது, காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது, காது கொடுத்துக் கேட்பது என நம் தமிழில் காதை வைத்தே எத்தனை பேச்சு! மற்றக் குழந்தைகளுக்கு இவற்றை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெரியவர்கள் தமக்குள் பேசுவதை விளையாட்டினூடே ஒட்டுக்கேட்டே கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் இவையெல்லாம் கைவரப் பல ஆண்டுகள் ஆகும். என் மகளுக்கோ முதல் மூன்றாண்டுகள் அந்த ஒட்டுக்கேட்கும் பேறே இல்லை. பின்னரும், நேரே முகம் பார்த்துப் பேசியதே அவளுக்குத் தெளிவாக விளங்கியது.

மற்றொன்றும் உண்டு. பாலைக் கொட்டியவளைப் பார்த்து என் மனைவி, “மிக நல்ல காரியம் செய்தாய்!” என்றாள். குழந்தை மகிழ்ந்து சிரித்தாள். சொல் ஒன்று, பொருள் அதற்கு நேர்மாறு. அதனைக் காட்டுவது குரலின் ஏற்ற இறக்கமன்றோ? நலமான காதினுள் ஒலியை உணர்த்தும் உள்வரிசை மயிரணுக்கள் ஏறத்தாழ 3,500. அவற்றின் வேலையைக் கருவியில் 22 மின்முனைகளோ அதற்கும் குறைவானவையோ செய்கின்றன. விரைவு வண்டி பெரிய நிலையங்களில் மட்டும் நின்று செல்வதுபோல், சொற்கள் வந்து சேர்கின்றன. குரலின் நெளிவு சுளிவுகளில் பெரும்பகுதி சேர்வதில்லை. சிறு வயதிலேயே கருவி பெற்ற பிள்ளைகள் மரபுத்தொடர்களை நன்கு கற்கிறார்கள் என்றும், ஆயினும் பலர் ஒத்த வயதினரைவிடச் சற்றுப் பின்தங்குகிறார்கள் என்றும் ஆய்ந்தோர் கூறுகின்றனர். இதனை அறிவுக் குறைவு எனக் கொள்வது பெருந்தவறு.

நம் காலனி மக்கள் இரக்கமுடையவர்கள். அவளைக் கண்டதும் பேச்சைச் சுருக்கி, “வா, உட்கார், சாப்பிடு” என்று நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் நாங்களும் ஓராண்டுக் காலம் அவ்வாறே வெறும் சொற்களாகப் பேசினோம். இந்தி மட்டும் பேசுங்கள் என்று யோசனை கூறியவர்களும் உண்டு. அதற்கு நான் இணங்கவில்லை. அந்த ஓராண்டு வீணாயிற்று என்பதே இன்று என் வருத்தம். பின்னர் வழியை மாற்றினோம். பாட்டி கதை சொல்வார். கதையில் ஒரு பழமொழி வந்தால் நிறுத்தி, யார், யாரிடம், ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்குவார். தனியே சொன்னால் விளங்காதது கதைக்குள் வந்தால் அவளுக்கு விளங்கிற்று.

சென்ற மாதம் ரயில் நிலையத்தில் காத்திருந்தோம். வண்டி பத்து நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். பிறகும் பத்து நிமிடம் என்றார்கள். மூன்றாம் முறை பலகையைப் பார்த்துவிட்டு, “அப்பா, வண்டி நமக்குக் காது குத்துகிறது” என்றாள். ரயில்வே ஊழியனாகிய நான் என்ன மறுமொழி கூறுவேன்?

ஆகவே, மாலையில் என் வீட்டிற்கு வரும் அன்பர்கள் அவள் எதிரிலும் தாராளமாகப் பழமொழி பேசுங்கள், கேலி பேசுங்கள். விளங்காவிடில் அவளே கேட்பாள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்; அதன் இரைச்சலில் அவளுக்குச் சொற்கள் பிரிந்து கேட்பதில்லை.