வீட்டுக் கணினியில் ஆளுக்கொரு கணக்கு

டென்மார்க்கில் 2014 நவம்பர் 1 முதல், விலக்குப் பெற்றவர்களைத் தவிர, 15 வயது நிரம்பிய எல்லோருக்கும் அரச கடிதங்கள் டிஜிற்றல் போஸ்ற்றில்தான் வருகுது. திறந்து பார்க்காட்டிலும் கடிதம் கிடைச்சதாகவே கொள்ளப்படும். அந்தக் கடிதமும் பிள்ளையின்ர கேமும் ஒரே கணக்கில் இருக்கலாமோ?

விண்டோஸ் செற்றிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய், ஆளுக்கொரு கணக்குத் திறவுங்கோ. நிர்வாகி கணக்கைப் பெற்றோர் வைத்திருங்கள். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்குப் போதும். நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் அதிலிருந்து கணினியின் முக்கிய அமைப்புகளை மாற்ற ஏலாது.

உங்கள் மிட்-ஐடி உங்களுக்கு மட்டுமே உரியது; பிள்ளைக்கும் கொடுக்காதேங்கோ. கடிதம் வாசிக்க உதவி வேணுமெண்டால், நம்பிக்கையான ஒருவருக்கு டிஜிற்றல் போஸ்ற்றிலேயே வாசிக்கும் அனுமதி கொடுக்கலாம். பிறகு நிறுத்தவும் முடியும்.

எழும்பும்போது கணக்கிலிருந்து வெளியேற மறக்காதேங்கோ.