இரும்புக்கும் கவனிப்பு வேணும்

(கோவில்பட்டி வட்டாரக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கடன்ல இரும்பு நாற்காலி, பெஞ்சு வாங்கி விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடுறோம். நம்ம வீட்டு வேப்பமரத்தடியிலயும் ஒரு இரும்புக் கட்டில் கிடக்கும். கடன் அடையுறதுக்குள்ள கால் துருப்பிடிச்சு ஒடிஞ்சா, பொருள் போய் தவணை மட்டும்தான் மிஞ்சும். உட்கார்ந்த பெரியவர் விழுந்தா அதைவிடப் பெரிய நட்டம்.

நம்ம தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில கிடைச்ச இரும்பு 5,300 ஆண்டுப் பழமையானதுன்னு 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு நமக்குப் பழைய சொந்தம். ஆனா கவனிக்கலேன்னா பத்து வருசம்கூட நிக்காது.

ஈரமும் காற்றும் சேர்ந்தாத்தான் துரு. உப்பு சேர்ந்தா வேகம் கூடும். நம்ம கரிசல் மண்ணு ஒரு மழை ஈரத்தைப் பல நாள் பிடிச்சு வைக்கும். அதான் கால் நுனி முதல்ல அரிக்குது. கட்டில் மேல உர மூட்டையும் அடுக்காதீங்க. பல உரங்கள் உப்பு வகைதான்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி, புரட்டாசி வெயில்லயே இதைச் செய்வோம்:

1. சோப்புத் தண்ணியில கழுவி, நல்லாக் காய வைக்கணும்.

2. கம்பி பிரஷ், உப்புத்தாள் வச்சு துருவை வெள்ளையாத் தெரியுறவரை தேய்க்கணும். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். பெயிண்ட்ல ஈயத்துக்கான கட்டுப்பாடு 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. அதனால பழைய பெயிண்ட்டை நனைச்சுத் தேய்க்கணும், மூக்கு வாயைக் கட்டிக்கணும், பிள்ளைகளைப் பக்கத்துல விடக்கூடாது. உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிக் கட்டி வைக்கணும். தேய்ச்சதும் வெயில்ல காய வைக்கணும்.

3. தின்னர் நனைச்ச துணியால துடைக்கணும். பக்கத்துல அடுப்பு, தீப்பெட்டி வேலை எதுவும் இருக்கக் கூடாது.

4. அன்னைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கணும். இரவு பனியில விட்டா திரும்பத் துரு ஏறும்.

5. காய்ஞ்ச பிறகு எனாமல் பெயிண்ட் மெல்லிசா ரெண்டு தடவை. மூட்டு, அடிப்பக்கம், குழாய் முனை விடக்கூடாது. கால் நுனிக்கு ரப்பர் புஷ் போடணும்.

மடக்கு நாற்காலியோட மூட்டுக்கு ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். கீறல் விழுந்தா உடனே அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் தொட்டு வைக்கணும். மரத்தடிக் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைக்கணும்.

வாடகை வரவுல ஒரு சிறு பங்கைப் பராமரிப்புக்குன்னு ஒதுக்கி, அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டுல எழுதுவோம். வாங்கினதைக் காப்பாத்துறதும் ஒரு சேமிப்புத்தான்.